சின்ன ஹால்ல ராக் நல்லா கேக்கணும்னா டிரம்முல இருந்து ஆரம்பிங்க

கேள்வி: அண்ணே வணக்கம், நான் ராமேஸ்வரம் பக்கம் மண்டபம்ங்கிற ஊர்க்காரன். ரொம்ப நாள் பெங்களூர்ல வேலை பாத்தேன், சனிக்கிழமை ஆனா பப்புல லைவ் பேண்ட் கேக்கப் போயிருவோம். இப்ப வீட்ல இருந்தே வேலைன்னு ஊருக்கு வந்தாச்சு, அப்பப்ப அந்தப் பக்கம் போறப்ப மட்டும் கேக்குறேன். மேடைக்கு முன்னாடியே போய் நிப்பேன், அப்பவும் பாடுறவர் என்ன பாடுறாருன்னு வார்த்தை விளங்க மாட்டேங்குது, திரும்பி வந்தா விடிய விடிய காதுக்குள்ள ஙொய்ங்னு கேக்குது. இன்னொண்ணு, எங்க ஊர்ப்பக்கம் அறுபது பேர் உக்கார்ற மாதிரி ஒரு மாடி ஹால் இருக்கு, டைல்ஸ் தரை, சுத்தி ஜன்னல். அங்க ஒரு சாயங்காலம் ராக் பேண்ட் வச்சுக் கேக்கணும்னு நாங்க நாலஞ்சு பேர் ஆசப்படுறோம். சவுண்ட் சர்வீஸ்காரர் எட்டு பேஸ் பாக்ஸ் வேணும்ங்கிறார். சரியாண்ணே?

பதில்: எட்டு பேஸ் வேணாம் தம்பி, கீழ்ச்சத்தத்துக்குன்னே இருக்கிற அந்தப் பெட்டி உங்க ஹாலுக்கு ஒண்ணுகூட வேணாம், ஸ்டாண்டுல தூக்கி வைக்கிற ஸ்பீக்கர், அதான் டாப் பாக்ஸ், ரெண்டு போதும். ஏன்னு சொல்றேன், உங்க மத்த கேள்விக்கும் பதில் அதுக்குள்ளயே இருக்கு. ராக் பேண்ட்ல மைக் இல்லாம கரண்ட் இல்லாம ஹாலயே நெறைக்கிறது டிரம் ஒண்ணுதான், ஒருத்தர் குச்சிய ஓங்கி அடிச்சா பக்கத்துல 100 டெசிபலத் தாண்டிப் போயிரும், அத சத்தத்த ஏத்தி இறக்குற மிக்ஸர் மெஷின்ல உக்காந்திருக்கிற யாராலயும் குறைக்க முடியாது. டிரம் அந்த அளவுக்குப் போனா கிட்டார்காரர் தன் சத்தம் தனக்கே கேக்கலன்னு ஆம்ப்ப, அதாவது கிட்டாரோட சத்தப் பெட்டிய, ஏத்துவார், பேஸ் கிட்டார்காரர் அவருக்கு மேல ஏத்துவார், கடைசில பாடுறவர் மைக்க இதெல்லாத்துக்கும் மேல தூக்கணும், தூக்குனா பாக்ஸ் சத்தத்த மைக்கே திரும்பப் புடிச்சு கீய்ய்ச்னு ஃபீட்பேக் கத்தும். சின்ன எடத்துல ராக் கெட்டுப்போறது பெரும்பாலும் இந்த வழியிலதான். டிரம்ம எந்த அளவுல நிறுத்துறீங்களோ அதுதான் அன்னைக்கு ராத்திரிக்கே அளவு.

மொதல்ல பப்புல எங்க நிக்கிறதுங்கிறத முடிச்சிருவோம். நீங்க முன்னாடி போய் நிக்கிறதுனாலதான் வார்த்தை விளங்கல. பாடுற குரல் உங்களுக்கு வர்றது மேடைக்கு ரெண்டு பக்கமும் ஸ்டாண்டுல நிக்கிற பாக்ஸ் வழியா, அந்த பாக்ஸ் கூட்டத்துக்கு நடுவாந்தரத்தப் பாத்துத் திருப்பியிருக்கும், மேடை ஓரத்துல நிக்கிறவருக்கு அந்தக் குரல் தலைக்கு மேலயும் பக்கவாட்டுலயும் தாண்டிப் போயிரும், அவருக்கு நேரா அடிக்கிறது டிரம்மும் கிட்டார் ஆம்ப்பும்தான். கிட்டார் ஆம்ப் வேற டார்ச் லைட் மாதிரி, நேர் எதுத்தாப்புல நிக்கிறவர் காதுல கூரான சத்தம் மொத்தமும் ஏறும், ரெண்டு எட்டு தள்ளி நின்னா பாதி அடங்கிரும். ரெண்டு பாக்ஸுக்கும் நடுவுல எவ்வளவு தூரமோ கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் பின்னால வாங்க, நட்டநடுவுல இருந்து கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, குரலும் கிட்டாரும் டிரம்மும் தனித்தனியா காதுக்கு வரும். மிக்ஸர் ஹாலுக்குள்ள இருந்தா அதுக்குப் பக்கத்துல நில்லுங்க, சவுண்ட் பாக்குறவர் தன் காதுக்கு எது நல்லாருக்கோ அதத்தான் செஞ்சிட்டு இருப்பார். ஆனா சின்ன பப்புல மிக்ஸர மேடைக்குப் பக்கவாட்டுலயோ பார் கவுன்டர் மூலையிலயோ ஒதுக்கி வச்சிருப்பாங்க, அங்க போய் நிக்கிறதுல லாபம் இல்ல. பின் சுவத்துலயும் சாயாதீங்க, மூலையில போயும் நிக்காதீங்க, பேஸ் அங்கதான் போய்க் குமியும். அப்புறம் மொதப் பாட்ட வச்சு பேண்ட எடை போடாதீங்க தம்பி, சவுண்ட் செக் பண்ணப்ப ஹால் காலியா இருந்திருக்கும், கூட்டம் வந்ததும் ஆளுங்க உடம்பும் துணியும் மேல்சத்தத்த, அதாவது கூரான சத்தத்த, உறிஞ்சிரும், அத சரிபண்ண சவுண்ட் பாக்குறவருக்கு ரெண்டு மூணு பாட்டு ஆகும்.

காது விசயத்த லேசா எடுக்காதீங்க. வேலை செய்ற எடத்துக்குன்னு வச்சிருக்கிற கணக்கு 85 டெசிபல்னா எட்டு மணி நேரம், மூணு டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும், 88க்கு நாலு மணி நேரம், 94க்கு ஒரு மணி நேரம், 100க்கு வந்தா பதினஞ்சே நிமிசம். உலக சுகாதார அமைப்பு 2022ல இசை நடக்கிற எடங்களுக்குன்னே ஒரு வரையறை சொன்னாங்க, எந்தப் பதினஞ்சு நிமிசத்த எடுத்து சராசரி பாத்தாலும் 100 டெசிபலத் தாண்டக் கூடாதுன்னு. பப்புல நீங்க நிக்கிறது ரெண்டு மூணு மணி நேரம், அப்ப காதடைப்பான் இல்லாம போகாதீங்க. மெடிக்கல்ல கெடைக்கிற ஸ்பான்ச் பிளக்கே போதும், ஆனா போடுற விதத்துலதான் எல்லாம் இருக்கு. வெரலால மெல்லிசா திரி மாதிரி உருட்டுங்க, இன்னொரு கைய தலைக்குப் பின்னால கொண்டுபோய் காது மடலப் புடிச்சு மேல பின்னால இழுங்க, உள்ள விட்டு அது உப்புற வரைக்கும் வெரலால அழுத்திப் புடிங்க. பாதி வெளிய தொங்குச்சுன்னா போட்டதும் போடாததும் ஒண்ணுதான். ஸ்பான்ச்சு மேல்சத்தத்த அதிகமா வெட்டும், அதனால பாட்டு கம்பளிக்குள்ள கேட்ட மாதிரி இருக்கும். அது புடிக்கலன்னா இசைக்காரங்களுக்குன்னே ஃபில்டர் வச்ச பிளக் ஆன்லைன்ல விக்கிறாங்க, எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவுல குறைக்கும், அடிக்கடி போறவர் அதுல காசு போடுறது ரொம்ப நல்லது. நடுவுல பத்து நிமிசம் வெளிய காத்தாட நின்னுட்டு வாங்க. விடிஞ்சும் அந்த ஙொய்ங் போகலன்னா, இல்ல ஒரு காது மட்டும் மந்தமா இருந்தா, தள்ளிப்போடாம காது மூக்கு தொண்டை டாக்டரப் பாத்துருங்க.

இப்ப உங்க ஹாலுக்கு வருவோம், எனக்கு மனசு நெறைஞ்ச விசயம் இதுதான். ராக் சின்ன எடத்துல வளந்த சங்கீதம் தம்பி. லிவர்பூல்ல 1957ல ஆரம்பிச்ச கேவர்ன் கிளப் ஒரு கிடங்குக்குக் கீழ இருந்த நிலவறை, 1961ல இருந்து 1963 வரைக்கும் பீட்டில்ஸ் அங்கதான் திரும்பத் திரும்ப வாசிச்சாங்க. நியூயார்க்ல சிபிஜிபினு ஒரு கிளப்ப 1973ல திறந்து 2006ல மூடுனாங்க, ரமோன்ஸ்ங்கிற பேண்ட் கிளம்பி வந்தது அந்த ஒடுக்கமான எடத்துல இருந்துதான். அதனால மண்டபத்துல ஒரு மாடி ஹால்ல அறுபது பேருக்கு ராக்னா அதுல குறைச்சல் ஒண்ணும் இல்ல. இங்க பப் இல்லையேன்னும் யோசிக்காதீங்க, சுக்கு காப்பி, சுண்டல், வஞ்சிரம் வறுவல்னு வச்சுப் பாருங்க, சரக்குக்கு லைசென்ஸ் இல்லாத ஹால்ல அந்தப் பேச்சே எடுக்காதீங்க, அப்பத்தான் அக்கா தங்கச்சிங்க, பெரியவங்க எல்லாம் தயங்காம வந்து உக்காருவாங்க.

ஒரு நாள் பகல்ல ஹாலுக்குத் தனியா போங்க, ஃபேன நிறுத்துங்க, நடுவுல நின்னு ஓங்கி ஒரு கைதட்டு தட்டுங்க. தட்டுன சத்தத்துக்குப் பின்னால டிர்ர்ர்னு ஒரு வால் இழுத்துக்கிட்டு வரும் பாருங்க, அது எதுத்தெதுத்த ரெண்டு சுவத்துக்கும் நடுவுல சத்தம் ஓடி ஓடித் திரும்புறது, அதுக்கு மேலதான் உங்க பேண்ட் பாடப்போகுது. டைல்ஸும் கண்ணாடியும் பூச்சுச் சுவரும் சத்தத்த அப்படியே திருப்பி அடிக்கும். தரையில ஜமக்காளம் விரிங்க, டிரம்முக்கு அடியில ரெண்டு மடிப்பா விரிங்க. மேடைக்கு எதுத்த பின் சுவர்தான் ரொம்ப முக்கியம், அங்க கனமான துணிய மடிப்பு மடிப்பா, சுவத்தோட ஒட்டாம ஒரு சாண் தள்ளித் தொங்க விடுங்க, பந்தல்காரர்கிட்ட வாடகைக்குக் கெடைக்கும், ஒட்டித் தொங்க விடுறதவிட தள்ளித் தொங்க விட்டா இன்னும் கீழ்ச்சத்தம் வரைக்கும் புடிக்கும். பழைய பஞ்சு மெத்தை இருந்தா ரெண்ட மூலையில நிமித்தி வைங்க. முட்டை அட்டை ஒட்டாதீங்க, அது ஒண்ணும் பண்ணாது, மீன் வலை தொங்கவிட்டா பாக்க அழகாருக்கும், சத்தத்துக்கு அதனால பலன் கெடையாது. எல்லாம் செஞ்சுட்டு மறுபடி தட்டிப் பாருங்க, வால் குறைஞ்சிருக்கும், அறுபது பேர் வந்து உக்காந்தா இன்னும் குறையும்.

பக்கத்துல கீத்துக் கொட்டகை போட்ட எடம் எதாச்சும் கெடைச்சா அதையும் பாருங்க. கீத்து சத்தத்தத் திருப்பி அடிக்காது, பாட்டு அவ்வளவு சுத்தமா இருக்கும், ஆனா வெளிய அப்படியே கசியும், கடக்காத்து வீசுற பக்கமா சத்தம் வளைஞ்சு ரொம்ப தூரம் போகும், காத்தடிக்கிற தெசையில யார் வீடு இருக்குன்னு பாத்துட்டுத்தான் முடிவு பண்ணணும்.

பேண்டுக்கு ரொம்ப தூரம் தேட வேணாம். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் சர்ச் பாடகர் குழுவுல கிட்டார், கீபோர்ட், டிரம் வாசிக்கிற பிள்ளைங்கள விசாரிங்க, லைட் மியூசிக் கச்சேரிக்குப் போற வாத்தியக்காரங்களும் இருக்காங்க, ராக் வாசிக்கணும்னு மனசுக்குள்ள ஆச வச்சிட்டு எடம் இல்லாம இருக்கிறவங்க அதுல கட்டாயம் இருப்பாங்க. டிரம்மர்கிட்ட மொதல்லயே பேசிருங்க, மரியாதையா, 'தம்பி ஹால் சின்னது, மெல்லிசு குச்சிகள கட்டா கட்டுன ராட் இருக்குல்ல, அதுல வாசிங்க'ன்னு. சிம்பல், அதான் டிரம்மோட தட்டு, பெருசா ரெண்டுக்கு மேல வேணாம். அவருக்கு ஒத்துவரலன்னா எலக்ட்ரானிக் டிரம், இல்லன்னா மேல உக்காந்து கையால தட்டுற கஹோன் பெட்டி. கிட்டாருக்கு 15 வாட், 20 வாட் ஆம்ப் தாராளம், அத தரையில வைக்காம நாற்காலியில தூக்கி வச்சு மூஞ்சிய மேல சாய்ச்சு வாசிக்கிறவர் காதப் பாக்குற மாதிரி வைங்க. தரையில இருந்தா சத்தம் அவர் முழங்காலுக்குப் போகும், அவருக்குக் கேக்காது, ஏத்திக்கிட்டே போவார், காதுக்கு நேரா வச்சீங்கன்னா அவரே குறைப்பார். மத்ததெல்லாம் விட்டுட்டு இத மட்டும் செஞ்சாலே பாதி வேலை முடிஞ்சது.

சவுண்ட் சர்வீஸ் அண்ணன்கிட்ட 12 இஞ்ச் டாப் ரெண்டு, ஸ்டாண்டு, பாடுறவருக்கே கேக்குற மாதிரி மேடையில வைக்கிற மானிட்டர் பாக்ஸ் ஒண்ணு, மைக் நாலுன்னு தெளிவா சொல்லிருங்க. திருவிழாவுக்கு வாசல்ல அடுக்குற கணக்கத்தான் அவர் சொல்லியிருக்கார், திறந்த வெளிக்கு அது சரி, உங்க மாடிக்கு சரிப்படாது, கண்ணாடி ஜன்னல் பூரா கிடுகிடுக்கும். பாக்ஸோட வாய் உக்காந்திருக்கிறவங்க தலைக்கு மேல இருக்கணும், மைக் எப்பவும் பாக்ஸுக்குப் பின்னால நிக்கணும், மானிட்டர் மைக்கோட முதுகப் பாத்து இருக்கணும், பாடுறவர் மைக் தலைய உள்ளங்கையால பொத்தக் கூடாது. டாப் பாக்ஸுல மொதல்ல குரல மட்டும் விடுங்க, மத்தது கொறையுதுன்னு தோணுனா அப்புறம் கொஞ்சம் சேத்துக்கலாம்.

கரண்ட் விசயத்துல மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீங்க. நம்ம உப்புக்காத்துல எர்த் கம்பியும் ஜாயின்டும் துருப்பிடிச்சு, பாக்க பிளக் பாயின்ட் புதுசா இருக்கும், உள்ள எர்த்தே இருக்காது. கிட்டார்காரர் கிட்டார் கம்பியத் தொட்டுக்கிட்டே மைக்ல ஒதட்ட வச்சா சுளீர்னு அடிக்கும், உசிருக்கே ஆபத்து. எலக்ட்ரீசியன வரச்சொல்லி மேடைக்கு எடுக்கிற பாயின்ட்ல மீட்டர் வைக்கச் சொல்லுங்க, கரண்ட் வர்ற ஃபேஸ் கம்பிக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட் கிட்ட, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒண்ணு ரெண்டு வோல்ட்டுக்குள்ள வரணும். வரலன்னா சரிபண்ணிட்டுத்தான் வாசிக்கணும். கரண்ட் கசிஞ்சா தானா துண்டிக்கிற ஆர்சிசிபி சுவிட்ச், 30 மில்லி ஆம்பியர்ல ஒண்ணு போட்டுருங்க. ஆம்ப்பு ம்ம்ம்னு இரையுதுன்னு எர்த் பின்ன எடுத்துவிடுறவங்க உண்டு, அத யாரையும் செய்ய விடாதீங்க.

அனுமதி சுருக்கமா. போலீஸ் ஸ்டேஷன்ல மைக் செட்டுக்கு எழுதிக்கொடுத்து அனுமதி வாங்குங்க. 2000ல வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது, மூடுன ஹாலுக்கு விலக்கு உண்டுதான், ஆனா உங்களுது சுத்தி ஜன்னல், அதனால ஆறரைக்கு ஆரம்பிச்சு ஒன்பதரைக்கு முடிச்சுருங்க. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டுக்கு 100 மீட்டருக்குள்ள அமைதி மண்டலமா அறிவிச்சிருக்கலாம், அதையும் பாத்துக்குங்க. பள்ளிவாசல் பக்கத்துல இருந்தா பாங்கு நேரத்துக்கு இடைவேளை வச்சுக்குங்க, காப்பி குடிக்கவும் அதுதான் தோதான நேரம். டிக்கெட் போட்டு அடுத்தவங்க பாட்டு பாடுறதா இருந்தா பாட்டு எழுதுனவங்க, இசையமைச்சவங்க உரிமைக்கான சங்கமான ஐபிஆர்எஸ்கிட்ட லைசென்ஸ் வாங்கணும். தேதிக்கு, ஐப்பசி கார்த்திகை மழையில வேணாம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகுப் பையன்க எல்லாம் கரையில இருப்பாங்க, கூட்டம் நல்லா சேரும், ஆனா கையில காசு இருக்காது, அப்ப வச்சா டிக்கெட்டே போடாதீங்க, உண்டியல் வச்சு பேண்டுக்குக் கொடுங்க. வெயில் காலம்னா ஃபேன் ஓடியே ஆகணும், மைக்குக்கு நேரா ஃபேன் காத்து வராத மாதிரி மேடைய ஒதுக்கிப் போடுங்க.

ஹாலோட நீளம், அகலம், கூரை உயரம், கூரை ஷீட்டா கான்கிரீட்டா, மேடை எந்தச் சுவத்தோரம் வருது, ஜன்னல் எந்தப் பக்கம் தெறக்குது, இத மட்டும் எழுதி அனுப்புங்க தம்பி, பாக்ஸ் எங்க நிக்கணும், துணி எத்தனை மீட்டர் வேணும்னு கணக்குப் போட்டுச் சொல்றேன்.