ரூட் செய்த போனுக்கு மாட்யூல் எங்கே தேடுவது?

கேள்வி: மேஜிஸ்க் என்ற ஆப் போட்டு ரூட் செய்த (சிஸ்டத்தின் முழு அதிகாரமும் திறந்த) போன். மாட்யூல்களை (போனின் சிஸ்டத்தில் மாற்றம் செய்யும் சிறு தொகுப்புகளை) ஃபாக்ஸ் மாட்யூல் மேனேஜர் ஆப் வழியாகத்தான் இறக்கி வந்தேன். இப்போது அதற்கு அப்டேட்டே வருவதில்லை. அதை நீக்கினால் போட்ட மாட்யூல்கள் போய்விடுமா? மாற்று என்ன?

பதில்: போகாது. மாட்யூல்கள் இருப்பது ஃபாக்ஸுக்குள் அல்ல. டேட்டா, அதற்குள் ஏடிபி, அதற்குள் மாட்யூல்ஸ் ஃபோல்டரில். தாராளமாக நீக்கலாம்.

2022-இல் வந்த 24-ஆம் பதிப்பில் மேஜிஸ்க் தன் ஆன்லைன் மாட்யூல் பட்டியலை எடுத்துவிட்டது. அந்தக் குறையைத்தான் ஃபாக்ஸ் நிரப்பியது. அதேபோலப் பட்டியல் வேண்டுமென்றால் எம்எம்ஆர்எல் என்ற மேனேஜர் ஆப் போடுங்கள். மேஜிஸ்க், அதேபோல ரூட் செய்யும் கெர்னல்எஸ்யூ, ஏபேட்ச் மூன்றுக்கும் ஒத்துவரும். வேண்டிய பட்டியலின் முகவரியை நீங்களே சேர்க்கலாம்.

நான்கைந்து மாட்யூலுக்குத் தனி மேனேஜர் எதற்கு என்பது எங்கள் கட்சி. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் அந்த மாட்யூலின் ரிலீஸஸ் பக்கத்திலிருந்து ஜிப்பை இறக்கி, மேஜிஸ்க்கின் மாட்யூல்ஸ் பகுதியில் 'இன்ஸ்டால் ஃப்ரம் ஸ்டோரேஜ்' கொடுத்து, ரீபூட் செய்தால் வேலை முடிந்தது. ஜிப்புக்குள் இருக்கும் மாட்யூல்.ப்ராப் கோப்பைத் திறந்து பாருங்கள். 'அப்டேட்ஜேசன்' என்று ஒரு வரி இருந்தால், புதிய பதிப்பு வரும்போது மேஜிஸ்க்கே காட்டிவிடும். இல்லையென்றால் அவ்வப்போது நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

பலரும் சறுக்குவது கிட்ஹப் பக்கத்தின் பச்சை நிற 'கோட்' பட்டனில். அதில் இறங்கும் ஜிப்பில் எல்லாம் இன்னொரு ஃபோல்டருக்குள் அடைந்திருக்கும். மாட்யூல்.ப்ராப் ஜிப்பின் முதல் தட்டிலேயே இல்லாவிட்டால், இது மாட்யூலே அல்ல என்று மேஜிஸ்க் தள்ளிவிடும். டெலிகிராமில் கைமாறி வரும் ஜிப்பைத் தொடவே வேண்டாம். உள்ளே இருக்கும் ஸ்கிரிப்ட் ரூட் அதிகாரத்தோடு ஓடும்.

கேள்வி: மாட்யூல் போட்டதும் போன் லோகோவிலேயே நின்றுவிட்டால்?

பதில்: சேஃப் மோடில் (அடிப்படை ஆப்கள் மட்டும் இயங்கும் நிலையில்) ஏற்றுங்கள். பெரும்பாலான போன்களில் லோகோ வந்ததும் வால்யூம் டவுனை அழுத்திப் பிடித்தால் போதும். மேஜிஸ்க் எல்லா மாட்யூலையும் முடக்கிவிடும். சாதாரணமாக ரீபூட் செய்த பிறகும் முடக்கியபடியே இருக்கும். ஒவ்வொன்றாக இயக்கி, ஒவ்வொரு முறையும் ரீபூட் செய்தால் குற்றவாளி சிக்கிவிடும். கெர்னல்எஸ்யூ என்றால் பட்டனை அழுத்திப் பிடிக்கக்கூடாது. பூட் அனிமேஷன் ஓடும்போது அதே பட்டனை மூன்று முறைக்கு மேல் விட்டுவிட்டு அழுத்த வேண்டும்.