மருத்துவம் படிக்கப் பிணம் திருடினார்களாமே, உண்மையா? சட்டம் ஏன் சும்மா இருந்தது?

உண்மைதான். 1800-களின் தொடக்கத்தில் லண்டனிலும் ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலும் அது ஒரு தொழிலாகவே நடந்தது. தூக்கிலிடப்பட்ட கொலைகாரர்களின் உடல்தான் சட்டப்படி அறுத்துப் பார்க்கக் கிடைக்கும் (1752 சட்டம்). மாணவர்கள் பெருகப் பெருக அது எந்த மூலைக்குப் போதும்?

சட்டத்தில்தான் வேடிக்கை. பிணம் யாருடைய சொத்தும் இல்லை, அதனால் அதை எடுப்பது சிறு குற்றம், ஆனால் போர்த்திய துணியை எடுத்தால் பெரிய திருட்டு! அதனால் தலைமாட்டுப் பக்கம் மட்டும் தோண்டி, பெட்டி மூடியை உடைத்து, கயிறு கட்டி உடலை இழுத்து, துணியை அவிழ்த்துக் குழிக்குள்ளேயே போட்டு மூடிவிட்டுப் போவார்கள். சத்தம் வராமலிருக்க மர மண்வெட்டி. வசதியுள்ளவர்கள் கல்லறைக்கு இரும்புக் கூண்டு போட்டார்கள், எடின்பரோவின் கிரேஃப்ரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் இன்றும் பார்க்கலாம்.

அப்புறம் எடின்பரோவில் பிணம் விற்ற பர்க், ஹேர் என்ற இருவரின் கதை. பலரும் நினைப்பதுபோல் இவர்கள் கல்லறையே தோண்டவில்லை. 1827-இல் வாடகை பாக்கியோடு செத்துப்போன ஒரு கிழவரின் உடலை ராபர்ட் நாக்ஸ் என்ற உடற்கூறு ஆசிரியரின் பள்ளிக்கு ஏழரைப் பவுண்டுக்கு விற்றார்கள். ருசி கண்ட பூனைகள், அடுத்த ஆண்டுக்குள் 16 பேரைக் கொன்று விற்றார்கள். ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாகித் தப்பினான், நாக்ஸ் மீது வழக்கே இல்லை. பர்க்கை 1829 ஜனவரியில் தூக்கிலிட்டு அவன் உடலையும் அறுத்தார்கள், எலும்புக்கூடு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

1832-இல் புதுச் சட்டம் வந்து திருட்டுக்குத் தேவையில்லாமல் செய்தது. எப்படி? ஏழை விடுதிகளில் செத்து, யாரும் கேட்டு வராதவர்களின் உடல்களைக் கல்லூரிகளுக்குக் கொடுத்தார்கள்.