அபராதக் கணக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஏகபோகம் பற்றிய உங்கள் கட்டுரையில், மைக்ரோசாஃப்ட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் விதித்த அபராதங்களை 'முன்மாதிரி' என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது உறுத்தியது. உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். 2004இல் 49.7 கோடி யூரோ. 2006இல் 28 கோடி. 2008இல் 89.9 கோடி, அதையும் நீதிமன்றம் 2012இல் 86 கோடியாகக் குறைத்துவிட்டது. 2013இல் 56.1 கோடி. மொத்தம் 220 கோடி யூரோ. முதல் அபராதம் விழுந்த அதே 2004இல் அந்த நிறுவனம் தன் பங்குதாரர்களுக்கு ஒரே தவணையில் கொடுத்த சிறப்பு ஈவுத்தொகை 3,200 கோடி டாலர்! இது கடலில் கரைத்த பெருங்காயம் இல்லையா? தப்பு செய்ய முன்கூட்டியே கட்டும் லைசென்ஸ் கட்டணம் என்றுதானே அவர்கள் கணக்கில் எழுதியிருப்பார்கள்? அந்தப் பணமாவது யாருக்குப் போனது? நசுங்கிப்போன போட்டியாளர்களுக்கா?

கே.

அன்புள்ள கே,

கூட்டல் சரிதான். 'முன்மாதிரி' என்ற சொல்லை நான் யோசிக்காமல் போட்டுவிட்டேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான்கு தொகைகளையும் ஒரே பையில் கொட்டிக் கட்டியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

பணம் எங்கே போனது என்பதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது பட்ஜெட்டுக்கு. மேல்முறையீடு முடியும்வரை ஒதுக்கி வைப்பார்கள், முடிந்ததும் வரவில் சேரும். உறுப்பு நாடுகள் கட்டவேண்டிய பங்கு அந்த அளவு குறையும். போட்டியாளர்களுக்கு அதில் சல்லிக்காசு கிடையாது. அவர்களுக்கு வேறு வாசல் திறந்தது. 2004 மார்ச் 24 அன்று ஆணையத்தின் முடிவு வந்தது. ஒன்பதாம் நாள், முதல் புகார்தாரரான, சர்வர் செய்து விற்ற சன் மைக்ரோசிஸ்டம்ஸ் காப்புரிமைத் தகராறு உட்பட எல்லாவற்றுக்குமாக 160 கோடி டாலர் வாங்கிக்கொண்டு கைகுலுக்கியது. அதே ஆண்டு நவம்பரில் அலுவலக வலையமைப்பு மென்பொருள் செய்த நாவெல், 53.6 கோடி. அடுத்த ஆண்டு மீடியா பிளேயர் செய்த ரியல்நெட்வொர்க்ஸ், 76.1 கோடி. மூன்றையும் கூட்டினால் முதல் அபராதத்தைப்போல நான்கு மடங்குக்கு மேல். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனபோது புகார் சொன்னவர்கள் ஒவ்வொருவராக எழுந்துபோய்விட்டார்கள்.

எழுந்துபோகாமல் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்பதில்தான் கதையே இருக்கிறது. அதற்கு முன், 2004இல் அபராதத்தோடு சேர்த்து ஆணையம் போட்ட இரண்டு கட்டளைகளைப் பார்க்கவேண்டும்.

ஒன்று, பாட்டும் படமும் ஓட்டும் மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸையும் ஐரோப்பாவில் விற்கவேண்டும் என்பது. இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 'விண்டோஸ் எக்ஸ்பி என்' என்று ஒன்று வந்தது. முழு விண்டோஸும் குறைத்த விண்டோஸும் ஒரே விலை. எவர் வாங்குவார்? கணினி தயாரிப்பாளர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கட்டளையைப் பெருங்காயம் என்றால் நானும் தலையாட்டுவேன்.

இரண்டாவது கட்டளை வேறு ரகம். ஓர் அலுவலகத்தில் ஐம்பது பேர் விண்டோஸ் கணினியில் வேலை செய்கிறார்கள் என்று வையுங்கள். கோப்புகளைப் பொதுவில் வைக்க, அச்சிட, காலையில் கடவுச்சொல் தட்டி உள்ளே வர, பின்னால் ஒரு சர்வர் வேண்டும். மேசைக் கணினியும் சர்வரும் பேசிக்கொள்ளும் மொழி மைக்ரோசாஃப்ட்டுக்கு மட்டும் தெரிந்த மொழி. வேறு நிறுவனத்தின் சர்வரை வைத்தால் திக்கித் திணறிப் பேசும். 1998இல் சன் 'அந்த மொழியின் இலக்கணத்தைக் கொடு' என்று கேட்டுக் கடிதம் எழுதியது, மறுக்கப்பட்டது, அந்த ஆண்டு டிசம்பரில் ஆணையத்திடம் புகார் போனது. அந்த இலக்கணத்தைத் தக்க விலைக்குப் போட்டியாளர்களுக்குக் கொடு என்பதுதான் இரண்டாவது கட்டளை.

இலக்கணம் இல்லாமலே அந்த மொழியைக் கற்றுக்கொண்ட ஒரு கூட்டம் இருந்தது. ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற ஆஸ்திரேலியர் கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது தொடங்கிய சாம்பா என்ற கட்டற்ற மென்பொருளை, அதாவது யாரும் எடுத்து மாற்றிப் பகிரக்கூடிய மென்பொருளை, எழுதியவர்கள். மற்ற சர்வர்களை விண்டோஸோடு பேசவைப்பது அதன் வேலை. (எஸ்எம்பி என்பது அந்த மொழியின், அதாவது நெறிமுறையின், பெயர். அந்த மூன்று எழுத்தும் அதே வரிசையில் வரும் சொல் எது என்று கணினியிலிருந்த சொற்பட்டியலில் தேடினார், 'சாம்பா' அகப்பட்டது. தமிழில் பெயர் வைக்க மண்டையை உடைத்துக்கொள்ளும் நம் நிரலாளர்கள் கவனிக்க.) அவர்கள் வேலை செய்த விதம், சுத்தமான ஒட்டுக்கேட்டல். இரண்டு விண்டோஸ் கணினிகளைப் பேசவிட்டு, நடுவில் கம்பியில் போகும் தகவல் பொட்டலங்களைப் பிடிப்பது. நானும் சின்ன அளவில் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். திரை முழுக்க எண்ணும் எழுத்துமாக வரிவரியாக ஓடும். ஒரு கோப்பின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டு மறுபடி அனுப்பி, எந்த இடம் மாறுகிறது என்று பார்க்கவேண்டும். மாறினால் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரிந்தது. மாறாமல் வேறு எங்கோ மாறினால் அன்றைய ராத்தூக்கம் போச்சு. நான் இரண்டு வாரத்தில் கைவிட்டேன். அவர்கள் பத்தாண்டுக்கு மேல் இப்படி வண்டி ஓட்டினார்கள். விண்டோஸ் 2000இல் உள்நுழைவுக்குக் கெர்பரோஸைக் கொண்டுவந்தபோது வண்டி இன்னும் தடுமாறியது. கெர்பரோஸ், உள்ளே வருபவர் யாரென்று சரிபார்க்கும், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பிறந்த திறந்த நெறிமுறைதான். அதில் பயன்படுத்துபவர் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்த ஓர் இடத்தில் மைக்ரோசாஃப்ட் தன் சொந்தச் சரக்கை வைத்தது.

சன்னும் நாவெலும் காசு வாங்கிக்கொண்டு போன பிறகு, ஆணையத்தின் பக்கம் நின்றவர்களில் சாம்பாக்காரர்களும் ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் முக்கியமானவர்கள். 2006 ஏப்ரலில், மேல்முறையீட்டை விசாரித்த லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தில் ட்ரிட்ஜெல்லே போய்ப் பேசினார். அவர்களோடு சமரசம் பேச வழியில்லை. விற்பதற்கு அவர்களிடம் நிறுவனம் என்று ஒன்று இருந்தால்தானே!

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். முதல் 49.7 கோடியை மைக்ரோசாஃப்ட் அந்தக் கோடைக்குள் கட்டிவிட்டது. உங்கள் லைசென்ஸ் கட்டண வாதத்தின்படி கதை அங்கே முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை, ஏனென்றால் அந்த இலக்கணத்தை எழுதிய ஆவணத்தைக் கொடுக்க மனம் வரவில்லை. 30,000 மணி நேரம் உழைத்து 12,000 பக்கத்துக்கு மேல் எழுதிக் கொடுத்தோம் என்றது நிறுவனம். அந்த நிறுவனமே தந்த பட்டியலிலிருந்து நியமிக்கப்பட்ட கணினி நிபுணர் படித்துப் பார்த்துவிட்டு, இதை வைத்து ஒன்றும் செய்யமுடியாது என்றார். 2006 ஜனவரியில், விண்டோஸ் எழுதப்பட்ட மூலநிரலையே காட்டுகிறோம் என்று இறங்கி வந்தார்கள். கேட்கப் பெருந்தன்மை போலத் தோன்றும். வழி கேட்டவன் கையில் ஊரிலுள்ள வீட்டுப் பத்திரங்களையெல்லாம் கட்டாகக் கொடுப்பது போன்றது அது. போதாததற்கு, அந்த நிரலை ஒருமுறை பார்த்த நிரலாளர் பிறகு சொந்தமாக எதை எழுதினாலும் திருடியது என்று வழக்குப் போடலாம்.

ஆணையம் நாளுக்கு 15 லட்சம் யூரோ என்று மீட்டரை ஓடவிட்டது. 2005 டிசம்பர் 16 முதல் 2006 ஜூன் 20 வரை. அதுதான் அந்த 28 கோடி. அடுத்து விலையில் தகராறு. தகவலைப் பார்க்க, வாங்கும் போட்டியாளரின் பொருளின் வருவாயில் 2.98 சதவீதம், காப்புரிமைக்கு 3.87 சதவீதம் என்று கேட்டார்கள். இந்த அநியாய விலைக்குத்தான் 89.9 கோடி. 2013இல் வந்த 56.1 கோடியும் இதே ஜாதி: உலாவியைத் தேர்ந்தெடுக்கும் திரையைக் காட்டுவோம் என்று 2009இல் எழுதிக் கொடுத்துவிட்டு, 2011 மே முதல் 2012 ஜூலை வரை 1.5 கோடிப் பேருக்குக் காட்டாமல் விட்டது. தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். பாதி நம்புகிறேன். பதினாலு மாதம் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை என்பதைத்தான் நம்பமுடியவில்லை.

ஆக 220 கோடியில் 170 கோடி, மூல குற்றத்துக்கான தண்டனையே அல்ல. சொன்னதைச் செய்யாததற்கு விழுந்த அடி. லைசென்ஸ் கட்டணம் கட்டியவன் மேலும் மேலும் அடி வாங்கிக்கொண்டு ஒரு கட்டு ஆவணத்தைப் பொத்திப் பொத்தி வைப்பானேன்? பணம் அவர்களுக்கு வலிக்கவில்லை, நீங்கள் சொன்னது சரி. அந்தக் காகிதம் வலித்தது.

2007 செப்டம்பர் 17 அன்று நீதிமன்றம் ஆணையத்தின் முடிவை உறுதிசெய்தது. அக்டோபரில் விலை மாறியது. தகவலுக்குச் சதவீதம் கிடையாது, ஒரே தடவை 10,000 யூரோ. தொகை குறைந்தது இரண்டாம்பட்சம். சதவீதம் என்றால் யார் எத்தனை பிரதி எடுத்தார்கள் என்று கணக்கு வைக்கவேண்டும், இலவசமாகப் பகிரப்படும் மென்பொருளில் அது நடக்கிற காரியமில்லை. ஒரே கட்டணம் என்றதும் வாசல் திறந்தது. டிசம்பர் 20 அன்று, சாம்பாவுக்காக அமைக்கப்பட்ட ஓர் அறக்கட்டளை 10,000 யூரோ கட்டி ஆவணங்களை வாங்கியது. ஆவணத்தை வெளியிடக்கூடாது, அதைப் படித்து எழுதும் நிரலை வெளியிடலாம் என்பது ஒப்பந்தம். இரண்டு மாதத்தில், 2008 பிப்ரவரியில், மைக்ரோசாஃப்ட் 30,000 பக்கங்களைத் தன் இணையதளத்திலேயே எல்லோரும் படிக்கப் போட்டுவிட்டது.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு குறை எனக்கு உண்டு. காலம். 1998இல் கேட்ட கேள்விக்கு 2007இல் பதில். முதலில் கேட்ட சன், 2010இல் ஆரக்கிள் வாங்கி, இன்று பெயரே இல்லை. உலாவித் திரை வழக்கில் கடைசி அபராதம் விழும்போது, இணையப் பயன்பாட்டை எண்ணும் ஸ்டாட்கவுன்டர் நிறுவனத்தின் கணக்குப்படி கூகுளின் குரோம் உலாவி மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்புளோரரைத் தாண்டி ஒரு வருடம் ஆகப்போகிறது. அபராதம் சின்னது என்பதைவிட இது எனக்குப் பெரிய தோல்வியாகப் படுகிறது. இதற்கு என்னிடம் தீர்வு இல்லை. விசாரணையை அவசரப்படுத்தினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான்.

2012 டிசம்பரில் சாம்பா 4 வந்தது. ஒரு விண்டோஸ் அலுவலகத்தின் உள்நுழைவு முழுவதையும், ஆக்டிவ் டைரக்டரி என்கிறார்களே அதை, நடத்தக்கூடிய முதல் சாம்பா. வெளியீட்டு அறிவிப்பில் மைக்ரோசாஃப்ட்டின் அதிகாரபூர்வ ஆவணங்களின் துணையோடு எழுதப்பட்டது என்று போட்டிருந்தார்கள்.

கட்டுரையில் 'முன்மாதிரி'யை அடித்துவிட்டேன். அந்த வரியில் இப்போது அபராதத் தொகை இல்லை, 10,000 யூரோ ஆவணம் இருக்கிறது.