மருமகளுக்கு ஒரே ஊசி போதுமா?

கேள்வி: மருமகளுக்கு இது இரண்டாவது பிரசவம், ஆறாம் மாதம். மூத்தவனுக்கு இரண்டு வயது. இந்தத் தடவை ஒரே டி.டி. ஊசி (ரணஜன்னித் தடுப்பூசி) போதும் என்கிறார் நர்ஸம்மா. தனியார் டாக்டரோ கக்குவான் ஊசியும் போடச் சொல்கிறார். எது சரி?
- ஒரு வாசகி, மேலூர்

பதில்: இருவர் சொல்வதும் சரிதான். போன கர்ப்பத்தில் இரண்டு டி.டி.யும் போட்டு, மூன்று ஆண்டுக்குள் மறுபடி உண்டாகியிருந்தால், ஒரு பூஸ்டர் போதும். அரை மில்லி, மேல்கைத் தசையில். ஆனால் பழைய தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். தேதி ஒன்றுதான் இருந்தால், இப்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு போட வேண்டும்.

கக்குவான் இருமல் பச்சைக் குழந்தையின் மூச்சையே நிறுத்திவிடும். குழந்தைக்கான முதல் கக்குவான் தடுப்பூசியோ ஆறாவது வாரத்தில்தான். அதுவரை தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியே வந்த எதிர்ப்புச் சக்திதான் காவல். அது ஊறிச் சேர இரண்டு வாரமாவது வேண்டும் என்பதால் 27 முதல் 36 வாரத்துக்குள் டிடாப் என்கிற இந்தக் கக்குவான் ஊசியைப் போடுவார்கள். அதிலேயே ரணஜன்னி மருந்தும் இருப்பதால், டி.டி. ஒன்றுக்கு ஈடாகக் கொள்ளலாம். போடும் முன் டாக்டரிடம் அட்டையைக் காட்டுங்கள். இரண்டொரு நாள் கை வலிக்கும், பயமில்லை.

வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகையில்தான் ஊசி தவறிப்போகிறது. வளையல் பெட்டியோடு அந்த அட்டையையும் கொடுத்தனுப்புங்கள்.