பாடகரைக் காணோம்! – இயர்போன் கேள்வி பதில்

மும்பை வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் நிறைய, காதில் மாட்டுவதைப் பற்றியவை. எல்லாருக்கும் ஒரே நிபந்தனை: இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டக்கூடாது. அந்தக் கோட்டுக்குள்ளேயே நின்று பதில் சொல்கிறோம்.

கேள்வி: போனோடு வந்த இயர்போனைத் தவிர வேறெதையும் காதில் வைத்ததில்லை. தினமும் செம்பூரிலிருந்து சி.எஸ்.எம்.டி. வரை ஹார்பர் லைன் லோக்கலில் போய் வருகிறேன். கையில் 1,500 ரூபாய் இருக்கிறது. வயர் வைத்ததா, இயர்பட்ஸா? வெளி இரைச்சலைக் குறைக்கும் 'ஏ.என்.சி.' போட்டதைத்தான் வாங்க வேண்டும் என்கிறாள் தோழி.
– கல்லூரி மாணவி, செம்பூர்

பதில்: வயர் வைத்ததையே வாங்குங்கள். 1,500 ரூபாய் இயர்பட்ஸில் காதுக்கு ஒரு பேட்டரி, புளூடூத் சிப், சார்ஜிங் டப்பா, அந்த டப்பாவுக்குள் இன்னொரு பேட்டரி என்று காசு பல பக்கம் சிதறிவிடும். பாட்டை உண்டாக்கும் குட்டி ஸ்பீக்கரான 'டிரைவருக்கு' மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் குட்டி பேட்டரிகள் இரண்டு மூன்று வருஷத்தில் தளர்ந்துவிடும். மாற்றித் தர ஆள் கிடைப்பதும் அரிது. வயர் இயர்போனில் காசு முழுக்க டிரைவருக்கும் வயருக்குமே போகிறது.

அடுத்தது வடிவம். காதின் வாசலில் சும்மா தொங்கும் வழுவழு பிளாஸ்டிக் வகை லோக்கலுக்கு ஆகாது. ரயில் இரைச்சல் உள்ளே வந்ததும் கை தானாக வால்யூமை ஏற்றும். துளைக்குள் போய் அடைத்துக்கொள்ளும், ரப்பர் முனை வைத்த இன்-இயர் வகையைப் பாருங்கள்.

அந்த ரப்பரில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். டப்பாவில் சிறிது, நடு, பெரிது என்று மூன்று ஜோடி இருக்கும். மாட்டியே வருவது நடு அளவு. மற்ற இரண்டும் பிளாஸ்டிக் கவரோடு குப்பைக்குப் போய்விடும். பிறகு 'பாஸே இல்லை, டப்பா மாதிரி கேட்கிறது' என்று கம்பெனியைத் திட்டுவார்கள். இடைவெளி இருந்தால் முதலில் வெளியே ஓடிப்போவது தாழ்ந்த சத்தம்தான். அதாவது மிருதங்கத்தின் 'தொம்'.

மாட்டும் முறை இது: வலது காதுக்கு, இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னும் மெல்ல இழுங்கள். துளை நேராகும். அப்போது வலது கையால் இயர்போனை உள்ளே வைத்துவிட்டு மடலை விடுங்கள். மேளமோ பாஸ் கிட்டாரோ நன்றாக ஒலிக்கும் பாட்டைப் போட்டு, இயர்போனை விரலால் லேசாக அழுத்துங்கள். அழுத்தும்போது மட்டும் பாஸ் குபீரென்று ஏறினால் அடைப்பு போதவில்லை. ஒரு அளவு பெரிய ரப்பர் மாட்டுங்கள். அரை மணியில் காது வலித்தால் ஒரு அளவு சிறிது. இடதுக்கு நடு, வலதுக்குப் பெரிது என்று ஆவதும் சகஜம்தான். இரண்டு காதும் ஒரே அச்சில் வார்த்ததல்ல. மூன்றுமே பொருந்தாவிட்டால் ஃபோம் முனை தனியாகக் கிடைக்கிறது. விரலால் நசுக்கி உள்ளே வைத்தால் அரை நிமிடத்தில் விரிந்து அடைத்துக்கொள்ளும். ஆனால் சில மாதங்களில் மாற்ற வேண்டியிருக்கும்.

ஏ.என்.சி. வெளிச் சத்தத்தை மைக்கில் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே விட்டு அழிப்பது. ஃபேன், ஏசி, ரயிலின் அடித்தொண்டை உறுமல் போன்ற ஒரே சீரான தாழ்ந்த ஒலிக்கு எடுபடும். பக்கத்து இருக்கைப் பேச்சுக்கும் தண்டவாளக் கிறீச்சுக்கும் அவ்வளவாக எடுபடாது. அவற்றைத் தடுப்பது ரப்பர்தான். ரப்பர் சரியாக உட்காராவிட்டால் ஏ.என்.சி.யும் படுத்துவிடும். 1,500 ரூபாயில் அது பேருக்குத்தான் இருக்கும். 'இ.என்.சி.' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் இன்னும் உஷார். அது நீங்கள் பேசும் மைக்கில் சுற்றுச் சத்தத்தைக் குறைப்பது. எதிர்முனையில் இருப்பவருக்கு லாபம், உங்கள் காதுக்கு ஒன்றுமில்லை.

டப்பாவில் '20–20,000 ஹெர்ட்ஸ்' என்று இருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம், நூறு ரூபாய்ச் சரக்கிலும் அதுதான் அச்சாகியிருக்கும். டிரைவர் 10 மி.மீ.யா 14 மி.மீ.யா என்பதும் தரத்தைச் சொல்லாது. ஓம் (மின்தடை) கணக்கை மட்டும் பாருங்கள். 16 முதல் 32 வரை என்றால் போனே தாராளமாக ஓட்டும். 250 ஓம் ஸ்டுடியோ ஹெட்போன் பழைய சரக்காக மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், போனில் முனகும்.

மாடல் சொல்ல வேண்டுமானால், கேஇசட் இடிஎக்ஸ் புரோ. கொஞ்சம் சேர்த்துப் போட முடிந்தால் மூன்டிராப் சூ 2. இரண்டிலும் வயரைக் கழற்றி மாற்றலாம், அதுதான் முக்கியம். மாற்று வயர் வாங்கும்போது 'டூ-பின்' என்று மட்டும் கேட்காதீர்கள், மாடல் பெயரைச் சொல்லுங்கள். வயர் முனையில் இருக்கும் ஊசியின் தடிமன் கேஇசட்டில் 0.75 மி.மீ., சூ 2-இல் 0.78. பொருந்தாததை அழுத்தினால் சாக்கெட் விரிந்துவிடும். மைக் வேண்டுமா வேண்டாமா என்பதையும் வாங்கும்போதே பாருங்கள்.

இவ்வளவு அடைத்துக்கொள்வதில் ஓர் ஆபத்து உண்டு. ஸ்டேஷனில் இறங்கியதும் இரண்டு காதிலிருந்தும் கழற்றிவிடுங்கள். பாதி வால்யூமில்கூட ஹாரன் காதில் விழாது.

கேள்வி: என் போனில் இயர்போன் ஜாக்கே இல்லை. 90 ரூபாய்க்கு ஒரு டைப்-சி கன்வெர்ட்டர் வாங்கினேன். தம்பி போனில் பாடுகிறது, என் போனில் மௌனம். கடைக்காரர் போன் கோளாறு என்கிறார்.
– வாசகர், தாராவி 90 அடி சாலை

பதில்: போனும் சரி, கன்வெர்ட்டரும் சரி. ஜோடிதான் பொருந்தவில்லை. வெறும் கம்பியை மட்டும் இணைக்கும் கன்வெர்ட்டர், போனே டைப்-சி வழியாக அனலாக் ஒலியை அனுப்பினால்தான் பாடும். தம்பி போன் அனுப்புகிறது, உங்களுடையது அனுப்பவில்லை. உங்களுக்குத் தேவை, டிஜிட்டல் ஒலியை இயர்போனுக்கு ஏற்ற அனலாக்காக மாற்றும் 'டாக்' (DAC) சிப் உள்ளே இருக்கும் கன்வெர்ட்டர். கடையில் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேளுங்கள், உங்கள் போனிலேயே மாட்டிக் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். அப்போதும் சத்தம் வராவிட்டால் செட்டிங்கில், வெளிக் கருவிகளை இணைக்கும் 'ஓ.டி.ஜி.' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில கம்பெனி போன்களில் அதை நாமே ஆன் செய்ய வேண்டும். ஆப்பிளின் டைப்-சி கன்வெர்ட்டர் தரமானதுதான், ஆனால் ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் சத்தம் குறைவாக வரும்.

கேள்வி: 1,800 ரூபாய் புளூடூத் ஹெட்போனில் பாட்டு அருமையாக இருக்கிறது. லேப்டாப்பில் ஆபீஸ் மீட்டிங் ஆரம்பித்ததும் எல்லார் குரலும் பழைய டெலிபோன் மாதிரி ஆகிறது. ஹெட்போனை மாற்ற வேண்டுமா?
– வாசகி, மாட்டுங்கா

பதில்: மாற்ற வேண்டாம். பாட்டு கேட்கும்போது புளூடூத்தின் முழு வழியும் லேப்டாப்பிலிருந்து காதுக்கு என ஒரே திசையில் ஓடுகிறது, ஸ்டீரியோ தாராளமாக வருகிறது. ஹெட்போன் மைக் திறந்த நொடியில் அது 'ஹேண்ட்ஸ்ஃப்ரீ' முறைக்கு மாறுகிறது. போகவும் வரவும் ஒரே குறுகிய சந்து. ஸ்டீரியோ போய், இரண்டு காதிலும் ஒரே ஒலி வரும் மோனோ ஆகிறது. ஒலியிலிருந்து நொடிக்கு 16,000 மாதிரிகள்தான் எடுக்கப்படும். பழைய கருவிகளில் 8,000. அந்த எண்ணில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண் எதுவும் உள்ளே வராது. உயர்ந்த அதிர்வெண் கொண்ட 'ஸ', 'ஷ' எல்லாம் மழுங்குவது அதனால்தான்.

வழி சுலபம். மீட்டிங் செயலியின் ஆடியோ செட்டிங்கில் ஸ்பீக்கருக்கு ஹெட்போனையும், மைக்குக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10-இல் ஹெட்போன் பெயர் 'ஸ்டீரியோ', 'ஹேண்ட்ஸ்ஃப்ரீ' என இரண்டு முறை தெரியும், ஸ்டீரியோவைத் தொடுங்கள். ஃபேன் சத்தமும் குக்கர் விசிலும் லேப்டாப் மைக்கில் போய்விடுகிறது என்றால், மீட்டிங்குக்கென்று மைக் வைத்த சாதாரண வயர் இயர்போன் ஒன்று தனியாக இருக்கட்டும். மேஜைக் கம்ப்யூட்டரில் பச்சை, இளஞ்சிவப்பு என இரண்டு துளை இருந்தால் நடுவே ஒரு ஒய்-ஸ்ப்ளிட்டர் வேண்டும். இயர்போனைச் செருகும் துளை நாலு பட்டை ஜாக்குக்கானதாகவும், கம்ப்யூட்டரில் செருகும் இரண்டு ஜாக்கும் தலா மூன்று பட்டை கொண்டதாகவும் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: புது இயர்போனை 100 மணி நேரம் ஓடவிட்டுப் 'பழக்கினால்'தான் சத்தம் திறக்குமாமே?
– வாசகர், சயான்

பதில்: மாறுவது இயர்போன் அல்ல, அந்தச் சத்தத்துக்குப் பழகும் உங்கள் காதுதான். பிடிக்காவிட்டால் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் திருப்பிவிடுங்கள். நூறு மணி நேரம் காத்திருந்தால் கெடு போய்விடலாம்.

கேள்வி: வயர் இயர்போனில் இடது பக்கம் போய்விட்டது. ஜாக்கை நானே மாற்றினேன். இப்போது இரண்டு பக்கமும் வருகிறது, ஆனால் வயலினும் தாளமும் கேட்கிறது, பாடுகிறவரைக் காணோம்!
– ஐ.டி.ஐ. மாணவர், முலுண்ட்

பதில்: பாராட்டுகள், முக்கால் வேலை முடிந்துவிட்டது. பாடகரின் குரல் இடது வலது இரண்டிலும் சமமாகப் பதிவாகியிருக்கும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கிரவுண்ட் கம்பி இணையாவிட்டால் இரண்டு ஸ்பீக்கரும் வரிசையாகக் கோத்துக்கொண்டு, இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பாடும். இரண்டிலும் சமமாக இருப்பது கழிந்துபோகும். ஜாக்கைப் போனில் முழுதாகச் செருகாவிட்டாலும் இதேதான் நடக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

செருகியிருந்தும் அப்படியே என்றால், நாலு பட்டை ஜாக்கில் கிரவுண்டையும் மைக்கையும் மாற்றிப் பற்றவைத்திருக்கிறீர்கள். மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் குரல் வருகிறதா? வந்தால் சந்தேகமே வேண்டாம். இன்றைய போன்களில் வரிசை இது: நுனி இடது, முதல் வளையம் வலது, இரண்டாம் வளையம் கிரவுண்ட், அடிப்பகுதி மைக். பழைய போன்கள் சிலவற்றில் கடைசி இரண்டும் இடம் மாறியிருந்தன.

மறுபடி செய்யும்போது சில விஷயங்கள். கம்பியின் நிறத்தை நம்பாதீர்கள். சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் கிரவுண்ட் என்பது வழக்கம்தான், சட்டமில்லை. கீழே சொல்லும்படி நுனிப் பூச்சை எரித்த பிறகு, மல்டிமீட்டரை ஓமில் வைத்து இரண்டிரண்டாகத் தொடுங்கள். கிரவுண்டும் ஒரு பக்கக் கம்பியும் சேர்ந்த சரியான ஜோடியில் 16 அல்லது 32-க்குப் பக்கத்தில் காட்டும், அந்தப் பக்க இயர்போனில் 'டிக்' என்று சின்னச் சத்தமும் வரும். தலைமுடி போன்ற அந்தக் கம்பிகளின் மேல் அரக்குப் பூச்சு உண்டு. அது இருக்கும்வரை ஈயம் ஒட்டாமல் உருண்டோடும். சால்டரிங் அயர்ன் முனையில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி, அதற்குள் கம்பி நுனியைச் சில நொடி வைத்திருங்கள். பூச்சு புகைந்து எரிந்து, நுனி வெள்ளி நிறத்தில் மின்னினால் தயார். எல்லாரும் மறப்பது ஒன்று: ஜாக்கின் மூடியையும், சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயையும் பற்றவைக்கும் முன்பே வயரில் கோத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவ்வளவு அழகாகச் செய்ததை அறுத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். நல்ல ஜாக் வேண்டுமானால் கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் கிழக்குப் பக்கம் இறங்கி லாமிங்டன் ரோடு போங்கள். உலோக மூடி, அடியில் ஸ்பிரிங் வைத்ததாகக் கேளுங்கள். வயர் முறிவது பெரும்பாலும் ஜாக்கின் கழுத்தில்தான்.

ஜாக்கில் கை வைக்குமுன் மற்றவர்கள் பார்க்க வேண்டியது இரண்டு. போன் செட்டிங்கில் இடது-வலது சமநிலை ஒரு பக்கமாக நகர்ந்திருக்கிறதா? ரப்பரைக் கழற்றினால் தெரியும் வலையில் காது அழுக்கு அடைத்திருக்கிறதா? வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, காய்ந்த மெல்லிய டூத்பிரஷால் தட்டித் தேய்த்தால் உதிரும். ஊசி, தண்ணீர் இரண்டும் கூடாது.

கேள்வி: எட்டு வயது மகள் டேப்லெட்டில் பாடம் கேட்கிறாள். என்ன வாங்குவது, எவ்வளவு வால்யூம் வைக்கலாம்?
– தாய், வாஷி

பதில்: துளைக்குள் போகாத, தலைக்கு மேல் மாட்டும் வயர் ஹெட்போன் போதும். சோனி இசட்எக்ஸ் 110 மாதிரி மடக்கக்கூடிய லேசான ஒன்று ஆயிரத்தை ஒட்டிக் கிடைக்கும். உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்குச் சொல்லும் எல்லை வாரத்துக்கு 40 மணி நேரம், 75 டெசிபல். பெரியவர்களுக்கு 80. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும், அதாவது 83-இல் பெரியவருக்கே 20 மணிதான். ஐபேடில் ஹெட்போன் பாதுகாப்பு என்ற இடத்தில் உச்ச டெசிபலை நீங்களே குறிக்கலாம். சாம்சங்கில் 'மீடியா வால்யூம் லிமிட்' இருக்கிறது, பின் நம்பர் போட்டுப் பூட்டிவிடுங்கள். நீங்கள் ஒரு கை தூரத்தில் நின்று சாதாரணக் குரலில் கூப்பிட்டு அவள் திரும்பவில்லை என்றால் வால்யூம் அதிகம். (பாடம் பிடிக்காமல் திரும்பாததைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.)

கேள்வி: இயர்பட்ஸ் 'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்டு வாங்கினேன். ஜூலை மழையில் நனைந்தது, இப்போது வலது பக்கம் சார்ஜ் ஏறவில்லை.
– வாசகர், அந்தேரி

பதில்: டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், 'ஐ.பி.எக்ஸ்.4' என்று இருக்கும். அது தெறிக்கும் தண்ணீரை மட்டும் தாங்கும், மும்பை மழையை அல்ல. அதுவும் காதில் இருக்கும் பட்ஸுக்கு. சார்ஜிங் டப்பாவுக்குப் பெரும்பாலும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடியதால் மின்சாரமும் தண்ணீரும் சேர்ந்து சார்ஜ் ஏற்றும் உலோகப் புள்ளிகள் பச்சை பூத்திருக்கும். பஞ்சுக் குச்சியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து, பட்ஸில் உள்ள புள்ளிகளையும் டப்பாவின் ஸ்பிரிங் பின்களையும் துடையுங்கள். பின் அமுங்கியே நின்றுவிட்டதா என்று பாருங்கள். நின்றிருந்தால் பல்குச்சியால் மெல்ல ஆட்டினால் எழும்பும். ஒரு மணி நேரம் காயவிட்டு சார்ஜ் போட்டுப் பாருங்கள். அப்படியும் ஏறாவிட்டால் பில்லையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டர்தான்.