நீர்ப்பிரிகோடு தாய்லாந்துக்குச் சாதகம் என்றால் பிரேயா விஹார் கோவில் ஏன் கம்போடியாவுக்கு?

சயாம், அதாவது அன்றைய தாய்லாந்து, வாயைத் திறக்காமல் இருந்ததால்தான். நீர்ப்பிரிகோடு, அதாவது மழைநீர் இரு பக்கமாகப் பிரிந்தோடும் மேட்டுக்கோடு, எங்கே ஓடுகிறது என்ற கேள்விக்குள் 1962இல் சர்வதேச நீதிமன்றம் போகவே இல்லை.

சயாமும் அப்போது கம்போடியாவை ஆண்ட பிரான்சும் செய்த 1904 ஒப்பந்தத்தை மட்டும் நீங்கள் படித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், குழப்பம் அங்கேதான். அதில் எல்லை நீர்ப்பிரிகோடு என்றுதான் இருக்கிறது, சரி. ஆனால் பிரெஞ்சு அதிகாரிகள் வரைந்து 1908இல் சயாமுக்குக் கொடுத்த வரைபடத்தில் கோவில் கம்போடியாவுக்குள் விழுகிறது. சயாமின் அன்றைய உள்துறை அமைச்சர் இளவரசர் தம்ரோங் மறுப்புச் சொல்லவில்லை, நன்றி சொல்லி இன்னும் 15 பிரதிகள் கேட்டார்! 1930இல் அவரே கோவிலுக்குப் போனபோது பிரெஞ்சுக் கொடி பறக்க, பிரெஞ்சு அதிகாரி வரவேற்றார். அப்போதும் எதிர்ப்பு இல்லை. இந்த மௌனத்தையே நீதிமன்றம் சம்மதமாக எடுத்துக்கொண்டது, 9க்கு 3.

தீர்ப்பின் கடைசிப் பகுதியை ஒருமுறை பாருங்கள்: கோவில் கம்போடிய நிலத்தில் இருக்கிறது, தாய்லாந்து படைகளை விலக்க வேண்டும், எடுத்துப்போன பொருட்கள் இருந்தால் திருப்பித் தர வேண்டும். வரைபடக் கோடுதான் எல்லை என்ற உத்தரவு அதில் கிடையாது.

அதனால் முழு எல்லையும் அன்றே தீர்ந்தது என்று எழுதிவிடாதீர்கள். 2011 மோதலுக்குப் பிறகு வந்த 2013 விளக்கத் தீர்ப்பும் கோவில் நிற்கும் மலைமுனை முழுவதும் கம்போடியாவுடையது என்றதோடு சரி, பக்கத்து புனோம் ட்ராப் குன்றைத் தொடவில்லை.