சாரல் காலத்தில் கிளம்பாத அம்பாசடர்

கேள்வி: என் பழைய பெட்ரோல் அம்பாசடர், சாரல் பெய்யும் காலைகளில் மட்டும் கிளம்ப மறுக்கிறது. புது பேட்டரி போட்டுவிட்டேன். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. கோளாறு எங்கே?
– வாசகர், செங்கோட்டை

பதில்: செல்ஃப் நன்றாகச் சுற்றுவதால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆரியங்காவு கணவாய் வழியே வரும் ஈரக்காற்று, ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் மின்சாரத்தைப் பங்கிட்டுத் தரும் டிஸ்டிரிபியூட்டரின் மூடிக்குள் படிந்து, பிளக்குக்குச் சேர வேண்டிய உயர் மின்னழுத்தத்தைக் கசியவிடுகிறது என்றே கருதுகிறேன். மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். உட்புறத்தில் பென்சிலால் கிறுக்கியதுபோல் மெல்லிய கருங்கோடு தெரிந்தால், அது மின்சாரம் கசிந்த தடம், மூடியை மாற்றியே ஆக வேண்டும். கோடு இல்லையெனில் உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். டிஸ்டிரிபியூட்டருக்குள் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட் முனைகள் திறந்திருக்கும்போது அவற்றின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். இருட்டிய பின் பானெட்டைத் திறந்து என்ஜினை ஓடவிட்டால், விரிசல் விட்ட பிளக் வயரில் நீலப் பொறி தாவுவது தெரியும். தயவுசெய்து அப்போது கை வைக்காதீர்கள்.